கப்பலைத் திருப்பும் உரிமை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் செல்லும் ரயில் பாதை இரண்டாம் உலகப் போரின்போது பெயர்த்தெடுக்கப்பட்டது என்று சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதிலாக நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரியைத் தொட்டு வந்த கடிதங்கள் என் மேசையின் பாதியை அடைத்துக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றி வருவதால் இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். வேறு கேள்விகள் அனுப்பியவர்கள் ஒரு மாதம் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: எங்கோ நடந்த போருக்கு எங்கள் ஊர்த் தண்டவாளம் எதற்கு? அந்த முடிவை யார் எடுத்திருப்பார்கள்?
(ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், போடிநாயக்கனூர்)

பதில்: படை அனுப்புவது என்றதும் நம் நினைவுக்கு வருவது ஆளும் துப்பாக்கியும். போரை நடத்துகிறவர்கள் முதலில் கணக்குப் பார்ப்பதோ கப்பலையும் ரயிலையும்தான். 1941 ஆகஸ்டில் பிரிட்டனும் சோவியத் ஒன்றியமும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஈரானுக்குள் நுழைந்தன. பாரசீக வளைகுடாத் துறைமுகங்களில் இறங்கும் சரக்கைச் சோவியத் எல்லை வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. பக்கத்து நாடான ஈராக்கில் பாஸ்ராவிலிருந்து பாக்தாத் வரை ஓடியது மீட்டர் பாதை. நம் தென்னிந்திய ரயில்வேயின் பெரும்பாலான பாதைகளும் அன்று அதே அகலம்தான். எனவே எஞ்சின், சரக்குப் பெட்டி, தண்டவாளம் என்று எது தேவைப்பட்டாலும் இந்தியாவைக் கேட்பதே எளிதாக இருந்தது. வருமானம் குறைந்த கிளைப் பாதைகள் நாடெங்கும் கழற்றப்பட்டன. 1928-இல் திறந்த உங்கள் பாதை பதினைந்து ஆண்டுகூட ஓடி முடிக்காத நிலையில் அந்தப் பட்டியலில் விழுந்தது. 1950-களில்தான் மறுபடி போடப்பட்டது. அதுவரை ஏலக்காய் மூட்டை சாலையையே நம்ப வேண்டியதாயிற்று. முடிவெடுத்தது யார் என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு அடுத்த கடிதத்தின் பதிலைச் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: பல நாடுகள் ஓரணியில் நின்று போரிடும்போது, எந்த நாட்டுப் படை எந்தக் களத்துக்குப் போக வேண்டும் என்பதை உண்மையில் யார் தீர்மானிக்கிறார்கள்? ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவார்களா?
(சட்டக் கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: ஒப்பந்தத்தில் எழுதப்படுவது பெரும்பாலும் நட்பு மட்டுமே. படைகளைப் பங்கிடும் ஏற்பாடு, போர் கை மீறிப் போன பிறகே உருவாகியிருக்கிறது. முதல் உலகப் போர் தொடங்கியது 1914-இல்; நேச நாடுகள் தமக்கென்று ஓர் உச்சப் போர் மன்றம் அமைத்துக்கொண்டது 1917 நவம்பரில், அதுவும் இத்தாலி கபரேட்டோவில் பெருந்தோல்வி அடைந்த பிறகு. மேற்கு முனையில் பிரெஞ்சு, பிரிட்டிஷ் படைகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பு ஃபோஷ் என்ற ஒரே தளபதியிடம் ஒப்படைக்கப்பட்டது 1918 மார்ச் 26-இல். அப்போது ஜெர்மானியரின் பெருந்தாக்குதல் தொடங்கி ஐந்து நாள் ஆகியிருந்தது. மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆளுக்கொரு திசையில் இழுத்தவர்கள் வீடு பற்றிக்கொண்ட பிறகே ஒரு கையில் வாளியைக் கொடுத்தார்கள்.

அந்த ஆண்டில் நடந்த பேரம் ஒன்றைச் சட்டம் பயில்கிற நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. 1917 ஏப்ரலில் போரில் இறங்கிய அமெரிக்காவிடம் ஆள் இருந்தது. அவர்களைக் கடல் கடத்தப் போதிய கப்பல் இல்லை. பிரிட்டனிடம் கப்பல் இருந்தது. ஆள் குறைந்துகொண்டே வந்தது. கப்பல் நாங்கள் தருகிறோம், ஆனால் காலாட்படையையும் இயந்திரத் துப்பாக்கிக்காரர்களையும் மட்டும் அனுப்புங்கள், அவர்களை எங்கள் அணிகளில் கலந்துகொள்கிறோம் என்றது பிரிட்டன். பிரான்சுக்கும் அதே எண்ணம். அமெரிக்கத் தளபதி பெர்ஷிங் இணங்கவில்லை. காலாட்படையை முதலில் ஏற்றுவதற்கும், சில பிரிவுகள் தற்காலிகமாக நேச நாட்டு அணிகளோடு நிற்பதற்கும் ஒப்புக்கொண்ட அவர், அமெரிக்கப் படை தன் கொடியின் கீழ் தனிப்படையாகவே போரிடும் என்பதில் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. போர் முடிவதற்குள் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்த ஏறத்தாழ 20 லட்சம் அமெரிக்கரில் சரிபாதி பேர் பிரிட்டிஷ் கப்பல்களில் போனவர்கள். அதே காலத்தில் பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, அமெரிக்கா ஆகிய நான்கு அரசுகளும் லண்டனில் ஒரு கூட்டுக் கப்பல் போக்குவரத்து மன்றம் நடத்தின. கோதுமைக்கு எத்தனை கப்பல், நிலக்கரிக்கு எத்தனை, சிப்பாய்க்கு எத்தனை என்று அங்கே பிரித்தார்கள். அதில் பிரெஞ்சுத் தரப்பில் உழைத்த ழான் மொனே பின்னாளில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வித்திட்டவர்களில் ஒருவரானார்.

இரண்டாம் போரில் இந்தப் பாடம் நினைவில் இருந்தது. ஜப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய இரண்டே வாரத்தில் சர்ச்சில் வாஷிங்டன் சென்றார். 1941 டிசம்பர் 22 முதல் 1942 ஜனவரி 14 வரை நடந்த அந்த மாநாட்டின் விளைவாக இரு நாட்டுத் தளபதிகளும் சேர்ந்த கூட்டுத் தலைமைக் குழு ஒன்றும், கப்பல்களையும் தளவாடங்களையும் பங்கிடும் வாரியங்களும் பிறந்தன. அந்தக் குழுவில் இருக்கை இருந்தது இரண்டே நாடுகளுக்கு. ஆஸ்திரேலியா, கனடா, சீனா, சோவியத் ஒன்றியம் எவருக்கும் அதில் இடமில்லை. இந்தியாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கேள்வி: “அவன் பெரிய எம்டன்” என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்கிறோம். சென்னையில் குண்டு போட்ட அந்தக் கப்பலுக்கும் நீங்கள் எழுதும் விஷயத்துக்கும் தொடர்பு உண்டா?
(பலசரக்கு வணிகர், மேலூர்)

பதில்: நேரடியான தொடர்பே உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளை எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் கொளுத்தியதைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அந்த ஒற்றைக் கப்பல் செய்த பெரிய வேலை, இந்தியப் பெருங்கடலில் படைகளை ஏற்றிச் செல்லவிருந்த அரசுகளைத் தயங்க வைத்ததாகும். நியூசிலாந்து தன் வீரர்களை அனுப்ப ஆயத்தமாக இருந்தும், போதிய காவல் கப்பல் வராமல் ஒருவரையும் கடலில் இறக்க மாட்டோம் என்று அதன் அரசு உறுதியாக நின்றது. முன்னரே புறப்பட்டிருந்த கப்பல்கள்கூடத் திருப்பி அழைக்கப்பட்டன. இறுதியில் பிரிட்டனின் மினோட்டார் என்ற கப்பலோடு ஜப்பானின் இபுக்கி என்ற போர்க்கப்பலும் வெலிங்டனுக்கு வந்த பிறகே, அக்டோபர் 16 அன்று நங்கூரம் தூக்கினார்கள். ஆம், அன்று ஜப்பான் நேச நாடு. 1902-இல் பிரிட்டனோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் பயன் அது.

நவம்பர் 1 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் அல்பனி துறைமுகத்திலிருந்து ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்கள் சுமார் 30,000 பேரோடு 36 கப்பல்கள் புறப்பட்டன; வழியில் இன்னும் இரண்டு சேர்ந்துகொண்டன. நவம்பர் 9 காலை கோக்கஸ் தீவிலிருந்து தந்திச் செய்தி வந்ததும் காவலுக்கு இருந்த சிட்னி என்ற கப்பல் பிரிந்து சென்று எம்டனை அடித்து நொறுக்கியது. தானும் போக வேண்டும் என்று இபுக்கியின் தலைவர் துடித்தார். ஆட்களை ஏற்றிய கப்பல்களைக் காவலின்றி விட முடியாதென்று அவரை நிறுத்தி வைத்தார்கள். ஆஸ்திரேலியச் சிப்பாய்களுக்குக் காவல் நின்றதால் புகழை இழந்த அந்த ஜப்பானியக் கப்பலை நினைக்கும்போது, இருபத்தேழு ஆண்டு கழித்து அதே இரு நாடுகளும் ஒன்றையொன்று கொன்றதும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.

மேலூருக்குத் தெற்கே இருந்து வேறொரு படையும் அதே மாதங்களில் கடலேறியது. பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63-ஆம் இந்தியக் காலாட்படை, பம்பாயிலிருந்து கப்பலேறி ஏறத்தாழ ஒரு மாதம் அலைக்கழிந்து, கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கியது. சண்டையைத் தொடங்குமுன் ஜெர்மானியருக்கு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று கடற்படைத் தலைவர் ஒருவர் முறை பார்த்தார். அந்த அவகாசத்தில் ஜெர்மன் தளபதி லெட்டோ-வோர்பெக் ரயிலில் ஆள் சேர்த்துவிட்டார். தரைப்படையும் கடற்படையும் ஒரே அரசின் கீழ் இருந்தும் வந்த தோல்வி அது.

கேள்வி: நேச நாடு ஒன்று படை கேட்கும்போது மறுக்க முடியுமா? மறுத்தவர்கள் இருக்கிறார்களா?
(தமிழாசிரியை, திருமங்கலம்)

பதில்: இருக்கிறார்கள். என் பார்வையில் இந்தப் பொருளின் உயிர்நாடியே உங்கள் கேள்விதான்.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மத்திய கிழக்கில் போரிட்டுக்கொண்டிருந்த ஆஸ்திரேலியாவின் 7-ஆம் டிவிஷன் என்ற பெரும் படைப்பிரிவு அப்போது நாடு திரும்பும் வழியில் இந்தியப் பெருங்கடலில் இருந்தது. அதைப் பர்மாவுக்குத் திருப்பி ரங்கூனைக் காக்க வேண்டும் என்று சர்ச்சில் கேட்டார், ரூஸ்வெல்ட்டும் பரிந்துரைத்தார். ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் கர்ட்டின் முடியாது என்றார். அவருடைய பதிலுக்குக் காத்திராமல் சர்ச்சில் கப்பல்களை ரங்கூன் பக்கம் திருப்பவும் செய்துவிட்டார். கர்ட்டின் சீறியதும் அவை மறுபடி திரும்பின. அதற்குள் எரிபொருள் குறைந்துபோனதால் கொழும்பில் நின்று நிரப்பிக்கொண்டே ஊர் போக நேர்ந்தது. தன் வீரர்கள் நடுக்கடலில் இருந்த அந்த நாட்களில் கர்ட்டின் உறங்கவில்லை என்பார்கள். மார்ச் 8-இல் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. 7-ஆம் டிவிஷன் அங்கே இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். கர்ட்டின் செய்தது சரி என்பதே என் கட்சி. ஆனால் அவர் வெறும் பிடிவாதக்காரர் அல்லர். வேறு இரண்டு ஆஸ்திரேலியப் பிரிகேடுகளை இலங்கையைக் காக்கச் சில மாதங்கள் விட்டுவைக்க ஒப்புக்கொண்டார்.

மறுக்க வாய்ப்பில்லாமல் போனவர்களின் கதையையும் சொல்ல வேண்டும். பிரிட்டனின் 18-ஆம் டிவிஷன், சுமார் 20,000 பேர், 1941 நவம்பர் 10 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸிலிருந்து புறப்பட்டது. ஏற்றிச் சென்றவை அமெரிக்கக் கப்பல்கள். அமெரிக்கா அப்போது போரிலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள். போக வேண்டிய இடம் மத்திய கிழக்கு. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வருவதற்குள் ஜப்பான் போரில் இறங்கிவிட, ஒரு பகுதியை நேரே சிங்கப்பூருக்குத் திருப்பினார்கள். மற்றவர்கள் பம்பாயில் இறங்கி, சில வாரம் கழித்து அதே சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார்கள். பெரும்பகுதி போய் இறங்கியது ஜனவரி 29. சரணடைந்தது பிப்ரவரி 15. பாலைவனத்துக்கென்று பயிற்சி பெற்றவர்கள், இறங்கிய பதினேழே நாளில் கைதாகி மூன்றரை ஆண்டு சிறையில் கிடந்தார்கள். கப்பல் கையில் கிடைத்ததால் படை போயிற்று. படை போனதால் இழப்பு கூடியது.

கேள்வி: அப்படியானால் நம் தலைவர்களைக் கேட்டார்களா?
(கல்லூரி விரிவுரையாளர், சிவகங்கை)

பதில்: இல்லை. 1939 ஆகஸ்டில், போர் அறிவிக்கப்படும் முன்பே, இந்தியப் பிரிகேடுகள் எகிப்துக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பப்பட்டன. மத்தியச் சட்டமன்றத்தின் ஒப்புதல் பெறப்படவில்லை. வார்தாவில் கூடிய காங்கிரஸ் காரியக் கமிட்டி இதைக் கண்டித்து, அடுத்த சட்டமன்றக் கூட்டத்துக்குப் போக வேண்டாமென்று தன் உறுப்பினர்களைப் பணித்தது. செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவும் போரில் இருப்பதாக அறிவித்தபோதும் அதே கதை. அக்டோபர் கடைசியில் சென்னையில் ராஜாஜியின் அமைச்சரவை உட்படக் காங்கிரஸ் அமைச்சரவைகள் விலகின. கர்ட்டினுக்கு அனுப்பியது போன்ற ஒரு தந்தியை அனுப்புவதற்கு டெல்லியில் முகவரி இல்லை. பிறகு 25 லட்சம் பேர் வரை பெருகிய இந்தியப் படை, எரித்ரியாவிலும் லிபியாவிலும் இத்தாலியிலும் பர்மாவிலும் பல நாட்டுப் படைகளுக்கு நடுவே போரிட்டது. 1944 பிப்ரவரியில் இத்தாலியின் மின்யானோவில், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் விழுந்து தோழர்களைக் காத்து உயிர்விட்ட மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையின் சுபேதார் சுப்பிரமணியன், பிரிட்டனின் ஜார்ஜ் கிராஸ் வீர விருது பெற்ற முதல் இந்தியர். வீரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவரை அங்கே அனுப்பும் முடிவில் அவருடைய நாட்டுக்குப் பங்கில்லை என்பதுதான் குறை.

கேள்வி: இவ்வளவு படை, கப்பல், தண்டவாளம். பணம் யார் கொடுத்தது?
(நிதி நிறுவனம் நடத்துபவர், காரைக்குடி)

பதில்: இந்தக் கேள்வி காரைக்குடியிலிருந்து வராமல் வேறெங்கிருந்து வரும்! முதல் போரில் படைகளின் வழக்கமான செலவை இந்தியாவும், வெளிநாடு போனதால் ஏற்பட்ட கூடுதல் செலவைப் பிரிட்டனும் ஏற்றன. பிறகு 1917-இல் இந்திய அரசு பிரிட்டனுக்கு 10 கோடி பவுன் போர்க்கொடை அளித்து, அதைக் கடனாகவும் வரியாகவும் நம்மிடம் வாங்கிக்கொண்டது.

இரண்டாம் போரில் கணக்கு சற்று நேர்மையாக எழுதப்பட்டது. 1939 நவம்பரில் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, அமைதிக் காலச் செலவான ஆண்டுக்கு 36.77 கோடி ரூபாயும் அதன் மேல் விலை உயர்வும், இந்தியாவின் தற்காப்புக்கென்றே செய்யும் செலவும் நம்முடையவை. கடல் கடந்த படைகளுக்காக ஒரே தவணையாக ஒரு கோடி ரூபாய். மீதமெல்லாம் பிரிட்டன் பொறுப்பு. கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? ஆனால் பிரிட்டன் அதைக் கையில் கொடுக்கவில்லை. லண்டனில் பவுனாகப் பற்று எழுதி வைத்தது. அந்தப் பற்றை ஈடாகக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே நோட்டு அச்சிட்டு, படைக்கு வேண்டிய துணியையும் தானியத்தையும் வாங்கியது. போர் முடிந்தபோது பிரிட்டன் நமக்குக் கொடுக்க வேண்டியிருந்தது ஏறத்தாழ 1,700 கோடி ரூபாய். கடன்காரன் சாம்ராஜ்யம், கடன் கொடுத்தவன் அடிமை. இப்படி ஒரு வரவுசெலவைச் செட்டிநாட்டு ஏடுகளில்கூட நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். நோட்டு பெருகி விலை ஏறியதும், பர்மா அரிசி நின்றதும், வங்கத்தில் 1943-இல் லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்ததும் இந்தக் கணக்கின் மறுபக்கம்.

கேள்வி: 1987-இல் இலங்கைக்குப் போன அமைதிப் படையும் இவ்வகையில் சேருமா?
(மண்டபம் வாசகர்)

பதில்: சேராது. அது கூட்டணிப் போர் அன்று. 1987 ஜூலை 29 அன்று இரு அரசுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில் போனது. ஆனாலும் ஒரு பாடம் பொது. அழைத்த அரசு மாறினால் அழைப்பும் மாறும். 1989-இல் பிரேமதாசா வெளியேறச் சொன்னார். 1990 மார்ச்சில் கடைசி அணி திரும்பியது. அதற்குள் இந்திய வீரர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்திருந்தார்கள். தமிழர்கள் பட்டதைப் பற்றி மண்டபத்தில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: விடுதலைக்குப் பிறகு யாராவது நம்மிடம் படை கேட்டார்களா?
(வங்கி அலுவலர், மதுரை)

பதில்: கேட்டார்கள். 1950-இல் கொரியப் போருக்கு ஐ.நா. கொடியின் கீழ் 16 நாடுகள் போர்ப்படை அனுப்பின. இந்தியா அனுப்பியது 60-ஆம் பாராசூட் கள மருத்துவப் பிரிவை மட்டுமே. அதன் தலைவர் ஏ.ஜி. ரங்கராஜ். போர் நின்றபின் கைதிகளைக் காக்க 1953-இல் ஓர் இந்தியப் படை போயிற்று. தம் மண்ணில் இந்தியர் கால் வைக்கக் கூடாதென்று தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ தடை போட்டதால், கப்பலில் வந்தவர்களை அமெரிக்க ஹெலிகாப்டர்களில் ஏற்றி, தென்கொரியாவைத் தொடாமலே இரு கொரியாக்களுக்கும் இடைப்பட்ட நடுவெளிப் பகுதியில் இறக்கினார்கள். 2003-இல் ஈராக்குக்கு ஒரு டிவிஷன் அனுப்புமாறு அமெரிக்கா கேட்டது. ஐ.நா.வின் வெளிப்படையான ஆணை இல்லாமல் அனுப்ப இயலாதென்று ஜூலை 14 அன்று வாஜ்பாய் அரசு மறுத்தது. எந்தக் கட்சி ஆண்டது என்பதை விட்டுவிட்டுப் பார்த்தால், 1914-லும் 1941-லும் இந்தியப் படை எந்த விவாதமும் இன்றி இறங்கிய அதே பாஸ்ராவின் நாட்டுக்கு, இம்முறை டெல்லியால் முடியாது என்று சொல்ல முடிந்தது.

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போருக்குப் போனவர். பரணில் ஒரு பித்தளை நிறப் பதக்கம் கிடைத்தது. சிறகு முளைத்த பெண் உருவம். பின்பக்கம், நாகரிகத்துக்கான பெரும்போர் என்று ஆங்கிலத்தில். வானவில் நிறத்தில் நைந்த ரிப்பன். இது என்ன?
(உசிலம்பட்டி வாசகி)

பதில்: அம்மா, இது வெற்றிப் பதக்கம், வெண்கலத்தால் ஆனது. நேச நாடுகள் படை அனுப்புவதில் காட்டாத ஒற்றுமையை இந்தப் பதக்கத்தில் காட்டின. ஃபோஷின் யோசனைப்படி 1919-இல் கூடிப் பேசி, எல்லா நாடுகளும் 36 மில்லிமீட்டர் வெண்கல வட்டில், சிறகுள்ள வெற்றித் தேவதை, இரட்டை வானவில் ரிப்பன் என்று முடிவு செய்தன. தேவதை மரபு இல்லாத இரண்டு நாடுகள் மட்டும் விலகின. ஜப்பான் தன் போர்த் தெய்வத்தைப் பொறித்தது. 1918-இல் ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பிரான்சுக்கு அனுப்பிய சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து, சிறகுப் பெண்ணுக்குப் பதிலாகத் திருமாலைப் பொறித்துக்கொண்டது. இந்தியாவிலிருந்து கடல் கடந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல்; மாண்டவர்கள் 74,000. அவர்களுக்குக் கிடைத்தது பிரிட்டனின் அச்சு. அழகர் ஆற்றில் இறங்கும் சீமையிலிருந்து போனவருக்குச் சிறகுப் பெண், சயாமியருக்குத் திருமால்.

பதக்கத்தின் விளிம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கும்; பெயரை வெள்ளைக்காரர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள் என்பதால், வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடும். சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் என்பதன் முதலெழுத்துகள் இருந்தால், பெங்களூரில் உள்ள மதராஸ் பொறியாளர் படை மையத்துக்கு அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதலாம். விளிம்பு எழுத்து ஆழமில்லாதது. தயவுசெய்து புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள்.